பூமி ஆடினால் மாமனாருக்கு ஆகாதா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவே, என் தங்கை மகன் போன் பண்ணினான். 1997-ல் பிறந்தவன். சாஃப்ட்வேர் கம்பெனி. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மாமா, போன்ல ஒரு ஜாதக ஆப் போட்டேன். அயனாம்சம் எதுன்னு கேக்குது. ஒண்ணைப் போட்டா பத்துக்கு ஏழு பொருத்தம். இன்னொண்ணைப் போட்டா நாலு. எதைப் போடட்டும்?"

எனக்கு வயிற்றில் சில்லென்று ஏதோ இறங்கியது. காபி காரணமல்ல. இதே கேள்வி 1994-ல் எங்கள் வீட்டைக் கலங்கடித்துவிட்டுப் போன கேள்வி. அன்றைக்கு அந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் வந்திருந்தால், இன்றைக்கு இந்தப் பையனே போன் பண்ணியிருக்க மாட்டான். பிறந்தே இருக்க மாட்டான்.

"மாப்ளே, உக்காந்துக்கிட்டு கேளு" என்றேன். நீங்களும்தான்.

* * *

1994. திருச்சி. என் தங்கைக்கு வயசு இருபத்து நாலு. ஊர் ஜோசியர் திருக்கணிதத்தில் போட்டுக் கொடுத்த ஜாதகத்தில், விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம், நாலாம் பாதம். கேட்டை என்றால் மூத்த மைத்துனருக்கு ஆகாதாம். அண்ணன் உள்ள மாப்பிள்ளைகள் எல்லாம் அவுட். இப்படி மூன்று வரன் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டில் பெண்ணைப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, அப்புறம்தான் "மாப்பிள்ளைக்கு அண்ணன் ஒருத்தர் பம்பாயில இருக்கார்" என்று ஞாபகம் வந்தது அவர்களுக்கு.

அப்பா கணக்குப் போட்டார். "வீட்டுக்கு மூத்த பிள்ளையா பாத்துட்டா அண்ணன் பிரச்சினையே இல்லையே!" கிடைத்தது. பொன்மலையில் ரிடையர்டான ரயில்வே கார்டு ஒருவரின் மூத்த மகன். நல்ல வேலை. பையனுக்கும் என் தங்கையைப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்ததை, அன்று ராத்திரி அவள் பாத்திரம் தேய்த்த வேகத்திலேயே தெரிந்துகொண்டோம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும், "எதுக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம்" என்றார். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் சொன்னால் கடவுள் சொன்ன மாதிரி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சென்டரில், ஓரத்தில் ஓட்டை போட்ட நீளப் பேப்பரில், கரகரவென்று அச்சடித்துக் கொடுத்தார்கள்.

தனுசு ராசி. மூல நட்சத்திரம். முதல் பாதம்.

மூலம், மாமனாருக்கு ஆகாது.

அண்ணன் இல்லாத வீடாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தோம். மாமனார் இல்லாத வீடாகப் பார்க்கவில்லை! சித்தப்பா வந்து பேப்பரை டீப்பாயில் வைத்துவிட்டு, காபி வேண்டாமென்று சொல்லிப் போனார். காபி வேண்டாமென்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் தங்கை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, நேத்து வரைக்கும் மச்சினருக்கு ஆகாதவ. இன்னிக்கு மாமனாருக்கு ஆகாதவ. நான் யாருக்குத்தான் ஆவேன்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டேன்.

* * *

முதலில் கம்ப்யூட்டர் சென்டர். ஆப்பரேட்டர் பையன் நல்ல மாதிரி. மறுபடி போட்டுக் காட்டினான். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கேட்ட பிறகு திரையில் கடைசியாக ஒரு கேள்வி. அயனாம்சம்: 1. லஹிரி, 2. ராமன், 3. கிருஷ்ணமூர்த்தி. பையன் யோசிக்காமல் 2 அழுத்தினான்.

"ஏன் தம்பி ரெண்டு?"

"ஒண்ணாம் நம்பர் கீ சரியா அமுங்காது சார்."

நம்புங்கள். என் தங்கையின் தலையெழுத்து ஒரு அமுங்காத கீயில் இருந்தது. பென்சிலின் பின்பக்கத்தால் குத்தி 1-ஐ அமுக்க வைத்தோம். கரகர. விருச்சிகம், கேட்டை, நாலாம் பாதம்!

இரண்டு பேப்பரையும் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவிலிருந்த ரிடையர்ட் பிசிக்ஸ் வாத்தியாரிடம் போனேன். அவர் பேரனுடைய பம்பரத்தில் சாட்டை சுற்றிக்கொண்டிருந்தார்.

"அயனாம்சம்னா என்ன சார்?"

"இதான்" என்று பம்பரத்தைத் தரையில் விட்டார்.

கொஞ்ச நேரம் நேராக நின்று சுற்றியது. பிறகு சாய்ந்தது. சாய்ந்தும் விழவில்லை. தன்னைத்தானே வேகமாகச் சுற்றிக்கொண்டே, தலையை மட்டும் மெதுவாக, கச்சேரியில் மாமா தலையாட்டுகிற மாதிரி, வட்டமாகச் சுழற்றியது.

"பூமியும் இதேதான். அச்சு 23.4 பாகை சாஞ்சிருக்கு. இருபத்து நாலு மணிக்கு ஒரு சுத்து. அது போக, தலையை ஒரு தடவை இப்படி ஆட்டி முடிக்க சுமார் 25,800 வருஷம்."

"சார், இதுக்கும் எங்க தங்கச்சிக்கும்..."

"அவசரப்படாதே. பூமியே அவசரப்படலே."

* * *

வாத்தியார் சொன்னதை, பிறகு நான் லைப்ரரியில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வருஷத்தில் இரண்டு நாள் பகலும் இரவும் சமம். மார்ச் 20 அல்லது 21 ஒன்று, செப்டம்பர் 22 அல்லது 23 இன்னொன்று. அந்த நேரம் சூரியன் வானத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று நட்சத்திரங்களை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அதே சம நாளில் பார்த்தால் சூரியன் அதே இடத்துக்கு வந்திருக்காது. 50 விகலை முன்னாலேயே நின்றுவிடும். ஒரு பாகையில் 3,600 விகலை. ஆக 72 வருஷத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. இதற்குத்தான் அயன சலனம் என்று பெயர்.

நேரக் கணக்கில் சொன்னால், சூரியன் நட்சத்திரங்களிடையே ஒரு முழுச் சுற்றை முடிப்பதற்கு 20 நிமிஷம் முன்னாலேயே அடுத்த சம நாள் வந்துவிடும். வருஷா வருஷம் 20 நிமிஷம் சீக்கிரமாக வருகிற ஆசாமி! எங்கள் ஆபீஸில் அப்படி ஒருத்தர் கூடக் கிடையாது.

இதை எழுதிவைத்தவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆள் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்கர். கி.மு.127 வாக்கில் அவர் பார்த்தது எந்த நட்சத்திரத்தை? நம்ம சித்திரையை. அவருக்குச் சுமார் 150 வருஷம் முன்னால் அலெக்சாண்ட்ரியாவில் டிமோகாரிஸ் என்பவர், சித்திரை நட்சத்திரம் செப்டம்பர் சமப் புள்ளிக்கு 8 பாகை மேற்கே இருப்பதாகக் குறித்திருந்தார். ஹிப்பார்க்கஸ் அளந்தால் 6 பாகை! பழைய ஆள் தப்பாக அளந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். (ஆபீஸில் நாம் அப்படித்தான் செய்வோம். பழைய ஃபைலில் டோட்டல் இடித்தால், போன செக்ஷன் ஆபீசர் மேல் பழி.) அவர், வானமே நகர்கிறது என்றார்.

நம் ஊரிலும் ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இதைக் கவனித்தார். "முன்பு ஆயில்யத்தின் நடுவில் தட்சிணாயனம் ஆரம்பித்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. இப்போதோ கடகத்தின் தொடக்கத்தில்" என்ற பொருளில் எழுதிவைத்தார்.

நகர்கிறது, சரி. ஏன் நகர்கிறது? இங்கேதான் ஆளுக்கொரு கதை.

டாலமி, நட்சத்திரங்கள் பதித்த பெரிய கோளமே நூறு வருஷத்துக்கு ஒரு பாகை சுற்றுகிறது என்றார். சூரிய சித்தாந்தம், முழுச் சுற்றெல்லாம் இல்லை, ஊஞ்சல் மாதிரி 27 பாகை முன்னால், 27 பாகை பின்னால் என்றது. ஊஞ்சல் கட்சி கிரேக்கத்திலும் இருந்தது, அரேபியாவிலும் இருந்தது. 1543-ல் கோப்பர்நிகஸ், "ஆடுவது வானம் இல்லை, பூமியின் அச்சு" என்றார். ஆனால் அவராலும் ஊஞ்சலை முழுசாக விட முடியவில்லை.

காரணம் சொன்னவர் நியூட்டன். 1687-ல். ஹிப்பார்க்கஸிலிருந்து கணக்குப் பார்த்தால் 1,800 வருஷம் கழித்து!

பூமி உருண்டை என்று நாம் படித்தது கொஞ்சம் பொய். இடுப்பில் தொப்பை. நிலநடுக்கோட்டு விட்டம், துருவத்து விட்டத்தைவிட 43 கிலோமீட்டர் அதிகம். இந்தத் தொப்பையைச் சந்திரனும் சூரியனும் பிடித்து இழுக்கின்றன. சாய்ந்த பூமியை நிமிர்த்தி வைக்கப் பார்க்கின்றன. சும்மா நிற்கிற பொருளாக இருந்தால் நிமிர்ந்திருக்கும். சுழல்கிற பொருள் இழுத்த பக்கம் போகாது, பக்கவாட்டில் நழுவும். அதுதான் தலையாட்டல். இதில் மூன்றில் இரண்டு பங்கு வேலை சந்திரனுடையது, ஒரு பங்கு சூரியனுடையது. பம்பரத்தைப் புவியீர்ப்பு சாய்க்கப் பார்க்கிறது, பூமியை இவர்கள் நிமிர்த்தப் பார்க்கிறார்கள். அதனால் பூமியின் தலையாட்டல் மட்டும் அது சுழலும் திசைக்கு எதிர்த்திசை.

நியூட்டனின் காரணம் சரி, கணக்கில் ஓட்டை. 1749-ல் தலம்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் அதைச் சரியாகப் போட்டார். அதற்கு ஒரு வருஷம் முன்னால் பிராட்லி என்ற ஆங்கிலேயர் இன்னொன்று கண்டுபிடித்திருந்தார். பூமி தலையை வட்டமாக ஆட்டும்போது நடுவே சின்னதாக ஒரு நடுக்கமும் இருக்கிறது, 18.6 வருஷத்துக்கு ஒரு தடவை. சந்திரனின் பாதை, அதாவது ராகு கேது, வானத்தை ஒரு சுற்று வர ஆகும் காலமும் அதே 18.6 வருஷம்தான். கையும் களவுமாக அகப்பட்டார் சந்திரன்.

* * *

"சரி சார், தங்கச்சி?"

"வரேன். நம்ம ஜோசியம் நட்சத்திரத்தை வச்சு ராசியைப் பிரிக்குது. மேல்நாட்டுக்காரன் மார்ச் சமப் புள்ளியை வச்சுப் பிரிக்கிறான். ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணா இருந்துது. இப்போ விலகிடுச்சு. அந்த விலகலோட அளவுதான் அயனாம்சம்."

அதனால்தான் ஏப்ரல் 5-ந் தேதி ஆங்கிலப் பேப்பர் பார்த்தால் சூரியன் மேஷத்தில் இருப்பான். நம்ம பஞ்சாங்கத்தில் மீனத்தில், பங்குனி மாசத்தில் இருப்பான். அதனால்தான் உண்மையில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-ல். நாம் உத்தராயணம் என்று பொங்கல் வைப்பது ஜனவரி 14, 15-ல்.

"எந்த வருஷம் ஒண்ணா இருந்துதுன்னு யாருக்கு சார் தெரியும்?"

வாத்தியார் சிரித்தார். "அதான் தகராறே. வானத்துல கோடு போட்டா வச்சிருக்கு? இங்கேதான் மேஷம் ஆரம்பம்னு போர்டு இருக்கா?"

1952-ல் மத்திய அரசு, விஞ்ஞானி மேக்நாத் சாஹா தலைமையில் காலண்டர் சீர்திருத்தக் குழு அமைத்தது. அதன் செயலாளர் என்.சி.லஹிரி. சித்திரை நட்சத்திரத்தை அடையாளக்கல்லாக வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு முறையும் ஒன்றாக இருந்தது கி.பி.285. 1956 மார்ச் 21-ல் அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று குழு நிர்ணயித்தது. (இப்போது 24 பாகையைத் தாண்டிவிட்டது.) பெங்களூர் பி.வி.ராமன் கணக்கிலோ அந்த வருஷம் கி.பி.397. இரண்டுக்கும் வித்தியாசம் 112 வருஷம். 72 வருஷத்துக்கு ஒரு பாகை என்றால், ஏறக்குறைய ஒன்றரைப் பாகை.

"சந்திரன் ஒரு மணி நேரத்துக்கு அரைப் பாகை நகரும். உன் தங்கச்சி பொறந்தப்போ கேட்டைக்கும் மூலத்துக்கும் நடுவுல இருக்கிற கோட்டுக்குக் கிட்ட நின்னுருக்கு. ஒருத்தர் கோட்டை இங்கே போட்டார், இன்னொருத்தர் ஒன்றரைப் பாகை தள்ளிப் போட்டார். சந்திரன் நின்ன இடத்துலதான்டா நின்னுச்சு. கோடுதான் நகர்ந்துச்சு."

பம்பரத்தைக் கடன் கேட்டேன். கொடுத்தார். பேரன் அழுதான்.

* * *

மாப்பிள்ளை வீட்டுக்கு நான் மட்டும் போனேன். இரண்டு பேப்பர், ஒரு பம்பரம். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்டு மாமா மட்டும் ஈசிசேரில்.

நடையில் பம்பரம் விட்டுக் காட்டினேன். முதல் தடவை மட்டையாகப் படுத்துவிட்டது. இரண்டாவது தடவை சுற்றியது. தொப்பை, சந்திரன், 50 விகலை, 112 வருஷம், அமுங்காத கீ, எல்லாம் சொன்னேன். ஹிப்பார்க்கஸ் வரைக்கும் போனேன். பெண் பார்க்க வந்த இடத்திலிருந்து இவ்வளவு தூரம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

மாமா கடைசி வரை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நான் முப்பது வருஷம் கார்டு. ஒரே வண்டிக்கு ரெண்டு டைம்டேபிள் ரெண்டு நேரம் போட்டிருந்தா, தப்பு டைம்டேபிள்ல. வண்டியில வந்து இறங்கின பொண்ணு என்ன பண்ணுவா பாவம்?"

சித்தப்பா, "இருந்தாலும் அண்ணே, மூலம்னு வந்திருக்கு... உங்களுக்கு..." என்று இழுத்தார்.

"எனக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்தாச்சு. அப்போ எந்த மருமகடா வீட்ல இருந்தா? தேதி பாரு."

உள்ளேயிருந்து மாமி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்தார்கள். வாங்கிக் குடித்தேன். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நல்ல காபி குடித்ததில்லை.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. பகல் பதினொரு மணிக்கு சாஸ்திரிகள் ஷாமியானா பக்கம் கையைக் காட்டி, அருந்ததி பாருங்கோ, அசையாத துருவ நட்சத்திரம் பாருங்கோ என்றார். நான் பக்கத்திலிருந்த வாத்தியாரைப் பார்த்தேன். துருவ நட்சத்திரமும் பதவியில் நிரந்தரம் இல்லை. 4,800 வருஷம் முன்னால் வட துருவத்துக்கு நேரே இருந்தது துபான் என்ற வேறொரு நட்சத்திரம். இன்னும் 12,000 வருஷம் கழித்து வேகா, அதாவது அபிஜித், அந்த சீட்டுக்குப் பக்கத்தில் வரும். வாத்தியார் என் காதில், "சும்மா இரு. இவங்க ரெண்டு பேருக்கும் அறுபது வருஷம் அசையாம இருந்தா போதும்" என்றார்.

கார்டு மாமா 2016-ல் காலமானார். எண்பத்தாறு வயசு. கடைசி ஆறு மாசம் என் தங்கை கையால்தான் கஞ்சி. "அவ குடுத்தாத்தான் இறங்குது" என்பார். துக்கத்துக்கு வந்த ஒருத்தர் என் பக்கத்தில் குனிந்து, "என்ன இருந்தாலும் மூலம் பாருங்க" என்றார். இருபத்திரண்டு வருஷம் கழித்து வேலை செய்த மூலம்!

* * *

போனில் ரொம்ப நேரம் சத்தமில்லை. "மாப்ளே, இருக்கியா?"

"இருக்கேன் மாமா. அம்மா இதெல்லாம் சொன்னதே இல்லை" என்றான். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "ஆனா மாமா, பூமி தலையாட்டறதெல்லாம் இல்லை, சூரியனுக்கு ஒரு ஜோடி நட்சத்திரம் இருக்கு, அதைச் சூரியன் சுத்தி வர்றதாலதான் இப்படித் தெரியுதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துதே?"

இந்தக் கதையும் பழசுதான். 1894-ல் ஸ்ரீ யுக்தேஸ்வர் தன் நூலில், சூரியன் ஒரு துணை நட்சத்திரத்தை 24,000 வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுவதாக எழுதினார். 2005-ல் வால்டர் க்ரட்டண்டன் என்ற அமெரிக்கர் அதே யோசனைக்கு ஒரு புத்தகமே போட்டார். கேட்க அழகான கதை. சூரியனுக்கும் ஒரு ஜோடி இருந்தால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றும்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. 24,000 வருஷச் சுற்று என்றால் அந்த ஜோடி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்கில் இருக்க வேண்டும். நம் சூரியன் மாதிரி ஒன்று அங்கே இருந்தால், பௌர்ணமி நிலாவில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்காவது ஒளி வீசும். மொட்டை மாடியில் படுத்தவர்கள் அத்தனை பேரும் பார்த்திருப்போம். ஒளி இல்லாத மங்கல் நட்சத்திரம் என்றால்? வெப்பக் கதிரில் வானம் முழுக்கத் தேடியது நாசாவின் வைஸ் செயற்கைக்கோள். 2014-ல் வந்த முடிவு, பத்தாயிரம் மடங்கு தூரம் வரைக்கும் சனி கிரகம் அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த 18.6 வருஷ நடுக்கம். ஆட்டுவது எங்கோ இருக்கிற ஜோடி என்றால், பூமி ஏன் நம்ம சந்திரனின் தாளத்துக்கு நடுங்க வேண்டும்?

"அப்போ இன்னும் நகர்ந்துக்கிட்டேதான் இருக்குமா மாமா?"

"இருக்கும். நம்ம பஞ்சாங்கம் இப்படியே போனா, 12,900 வருஷம் கழிச்சு ஐப்பசி மாசம் ஏப்ரல்ல வரும். தீபாவளிக்குப் பட்டாசு நமுத்துப்போற கவலை இல்லை."

சிரித்தான். "சரி, இப்போ ஆப்ல எதைப் போட?"

"பொண்ணை உனக்குப் பிடிச்சிருக்கா?"

"ம்."

"அவளுக்கு?"

"மெசேஜ் பண்ணினா உடனே பதில் வருது மாமா."

"அப்போ ஆப்பை மூடிட்டு, அவங்க வீட்டுக்குப் போய் உங்க தாத்தா சொன்ன டைம்டேபிள் கதையைச் சொல்லு."

"அவங்க ஒத்துக்கலைன்னா?"

எழுந்துபோய் மேஜை டிராயரைத் திறந்தேன். பில்கள், பழைய சாவிகளுக்கு அடியில் இருந்தது. வாத்தியார் பேரனுக்குத் திருப்பிக் கொடுக்காமலே விட்டது. ஆணி கொஞ்சம் துரு.

"ஒத்துக்கலைன்னா போன் பண்ணு. பம்பரத்தோட நான் வரேன்."